காரவள்ளியோடு நின்றுவிடக் கூடாது

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாக வரும் சாலை காரவள்ளியில் சமவெளியை விட்டு மலையேறத் தொடங்குகிறது. அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். அவற்றைக் கடந்தால் கொல்லிமலையின் 14 ஊராட்சிகள்; வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, குண்டூர் நாடு என்று ‘நாடு’ என்ற பெயரோடு இன்றும் வழங்கும் ஊர்கள். மேலே விளையும் மிளகும் காபியும் பலாவும் அன்னாசியும் இந்த வளைவுகள் வழியே நாள்தோறும் கீழே இறங்குகின்றன. கீழே இருக்கும் வசதிகள் மேலே ஏறுவதுதான் தாமதமாகிறது. பெரிய கால்பந்து கிளப்கள் அறப்பணி என்று பேசும்போது, அந்த அறப்பணியும் அடிவாரத்தோடு நின்றுவிடக் கூடாது என்று வலியுறுத்துகிறோம்.

ஐரோப்பாவில் பெரிய கிளப்கள் பலவற்றுக்கும் அறக்கட்டளை இருக்கிறது. பார்சிலோனா 1994-லும் ரியல் மாட்ரிட் 1997-லும் தம் அறக்கட்டளைகளைத் தொடங்கின. தமிழகத்தில் சென்னையின் எஃப்சி 2014-ல் உருவாகி, 2015-லும் 2017-18-லும் இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) கோப்பையை வென்றது. தமிழ்நாட்டின் பெயரை முதுகில் சுமந்து ஆடும் எந்தப் பெரிய கிளப்பும், தனிக் கணக்கும் தனி அறங்காவலர்களும் கொண்ட அறக்கட்டளை ஒன்றை நிறுவி, குறிப்பிட்ட ஓர் ஊரைக் குறைந்தது 5 ஆண்டுகளுக்குத் தன் பொறுப்பில் ஏற்க வேண்டும். அந்தப் பணியைக் கொல்லிமலையில் தொடங்கலாம்.

தனி அமைப்பு ஏன் வேண்டும் என்பதற்கு ஸ்காட்லாந்தின் செல்டிக் கிளப்பின் வரலாறே சான்று. 1887 நவம்பரில் கிளாஸ்கோ நகரின் கிழக்குப் பகுதியில், அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த ஏழைக் குடும்பங்களின் நடுவே, வால்ஃப்ரிட் என்ற துறவி அந்தக் கிளப்பைத் தொடங்கினார். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு பென்னிக்குச் சோறு போடும் திட்டத்துக்குப் பணம் வேண்டியிருந்தது. அந்தப் பணத்தை ஆட்டத்தின் நுழைவுச்சீட்டில் திரட்டுவது அவர் எண்ணம். பசியாற்றப் பிறந்த அந்தக் கிளப் சில ஆண்டுகளிலேயே பெரிதாக வளர்ந்தது. 1892-ல் வால்ஃப்ரிட் லண்டனுக்கு மாற்றப்பட்டார். 1897-ல் கிளப் வரையறுக்கப்பட்ட நிறுவனமாக மாறியது. ஏழைகளுக்குப் போன பணம் வற்றிப்போனது. அறப்பணிக்கென்று தனி நிதியம் மீண்டும் அமைய 1995 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நிறுவியவரின் நல்ல மனம் அவரோடு ஊர் மாறிப் போய்விடும். எழுதிவைத்த விதிதான் ஊரில் தங்கும்.

பார்சிலோனாவின் அனுபவம் வேறு வகையானது. பெரிய கிளப்கள் சட்டையில் விளம்பரம் போட்டுப் பணம் வாங்குவதே வழக்கம். 2006-ல் பார்சிலோனா யுனிசெஃப் பெயரைச் சட்டையின் முன்புறத்தில் தாங்கியதோடு, ஆண்டுக்கு 15 லட்சம் யூரோவை யுனிசெஃப்புக்கே கொடுத்தது. ஆப்பிரிக்காவில் எச்ஐவி பாதித்த குழந்தைகளுக்கு அந்தப் பணம் போனது. 2011-ல் கத்தார் அறக்கட்டளையின் பெயர் பெரும் பணத்தோடு சட்டையின் முன்புறத்தைப் பிடித்தது. யுனிசெஃப் முதுகுப் பக்கம் போனது. பெயர் எங்கே இருக்கிறது என்பதை வணிகம் முடிவுசெய்யும். பணி எங்கே நடக்கிறது, எத்தனை ஆண்டு நடக்கிறது என்பதை மட்டும் வணிகத்தின் கையில் விடக் கூடாது.

பக்கத்து மாநிலமான ஆந்திரத்திலேயே இதற்கு முன்மாதிரி இருக்கிறது. வறட்சிக்குப் பேர்போன அனந்தபூரில், விசென்டே ஃபெரர் 1969 முதல் வளர்த்தெடுத்த ஊரக மேம்பாட்டு அறக்கட்டளை பள்ளி, மருத்துவமனை, வீடு என்று பணியாற்றி வருகிறது. ஸ்பெயினின் லா லிகா கால்பந்து அமைப்பு தன் அறக்கட்டளை வழியே அதனோடு கைகோத்து, கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கால்பந்துப் பயிற்சி அளித்தது. மண்ணை அறிந்த, மக்களின் நம்பிக்கையைப் பெற்ற அமைப்பு முன்னே நிற்க, கால்பந்து அதற்குத் துணையாக வந்தது. கொல்லிமலையிலும் அந்த முறைதான் பலிக்கும்.

தமிழகத்தின் சிற்றூர்களில் திறமை இல்லையா? 2018-ல் மணிப்பூரை வீழ்த்தித் தேசிய மகளிர் கால்பந்துப் பட்டத்தை வென்றது தமிழ்நாடு. 2023-ல் ஹரியாணாவை வென்று மீண்டும் அதைக் கைப்பற்றியது. 2019-ல் இந்திய மகளிர் லீக் கோப்பையை மதுரையின் சேது எஃப்சி தூக்கியது. இந்தியாவுக்காக ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூர்ப் பெண். இந்த வெற்றிகளுக்குப் பின்னே இருந்தவர்கள், ஓய்வு நேரத்தையும் சொந்தப் பணத்தையும் செலவிட்ட உள்ளூர்ப் பயிற்சியாளர்களும் உடற்கல்வி ஆசிரியர்களும்தான். அவர்கள் தனியாகச் சுமந்த பாரத்தில் ஒரு பங்கைச் சுமக்கும் கடமை பெரிய கிளப்களுக்கு இருக்கிறது.

சட்டமும் வழிகாட்டுகிறது. 2013-ம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டத்தின் 135-வது பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் வருவாயோ லாபமோ உள்ள நிறுவனங்கள் தம் முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. ஏழாவது அட்டவணையில் ஊரக விளையாட்டுக்கான பயிற்சியும் இடம்பெற்றுள்ளது. மாரத்தான் போன்ற ஒருமுறை நிகழ்ச்சிகள் இந்தக் கணக்கில் சேராது என்று மத்திய அரசு 2014-லேயே தெளிவுபடுத்திவிட்டது. ஒருநாள் முகாம் நடத்தி, பனியன் கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு கீழே இறங்குவது சட்டத்தின் எண்ணத்துக்கே எதிரானது. கிளப்கள் நட்டத்தில் ஓடுகின்றன என்ற வாதம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால், அவற்றை நடத்தும் உரிமையாளர்களின் பிற நிறுவனங்களுக்கு இந்தக் கடமை இருக்கலாம். நட்சத்திர ஆட்டக்காரர் ஒருவருக்குத் தரும் ஊதியத்தோடு ஒப்பிட்டால், மலையில் இரண்டு பயிற்சியாளர்களை வைத்திருப்பது சிறிய செலவு.

2025-ல் நடந்தவை மற்றொரு பாடம். ஒளிபரப்பு, வணிக உரிமை ஒப்பந்தம் பற்றிய குழப்பத்தில் ஜூலையில் ஐஎஸ்எல் போட்டி நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் சென்னையின் எஃப்சி தன் செயல்பாடுகளையே நிறுத்திவைப்பதாக அறிவித்தது. மேலே லீக் ஆட்டம் கண்டால், கீழே பிள்ளைகளின் பயிற்சி முதலில் அறுபடும் நிலை இருக்கக் கூடாது. அறக்கட்டளையின் நிதி கிளப்பின் அன்றாட வரவுசெலவிலிருந்து விலகி நிற்க வேண்டும் என்று நாம் கேட்பது இதனால்தான்.

மலைமக்களுக்கு மருத்துவமனையும் சாலையும் ஆசிரியர்களும் தேவைப்படும்போது பந்து எதற்கு என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. மருத்துவமனைக்கான பணத்தை எடுத்துப் பந்து வாங்கச் சொல்லவில்லை. அந்தக் கடமைகள் அரசுடையவை, அவற்றில் தள்ளுபடி கிடையாது. ஆனால், மலையாளிப் பழங்குடிக் குடும்பங்களின் பிள்ளைகள் வீட்டைப் பிரிந்து உண்டு உறைவிடப் பள்ளிகளில் தங்கிப் படிக்கிறார்கள். மாலை மணி அடித்த பிறகு இருட்டும்வரை அவர்களுக்கு என்ன இருக்கிறது? ஓடியாடி விளையாடும் நேரம், பள்ளியோடு பிள்ளையைக் கட்டிவைக்கும் கயிறு. வயதுக்கு வந்ததும் வீட்டோடு நிறுத்தப்படும் பெண்பிள்ளைக்கு, மறுநாளும் மைதானத்துக்கு வர ஒரு காரணம். அரசு 2024-ல் ஊராட்சிகளுக்கு விளையாட்டு உபகரணத் தொகுப்பு வழங்கத் தொடங்கியதை வரவேற்கிறோம். பந்து வந்தால் போதாது, அதை உதைக்கக் கற்றுத்தருபவரும் வர வேண்டும்.

ஆகவே, நான்கு நிபந்தனைகளை முன்வைக்கிறோம். முதலாவது, மலையிலேயே குடியிருக்கும் பயிற்சியாளர்கள். அவர்களில் ஒருவரேனும் அந்த மண்ணின் இளைஞராகவோ இளம்பெண்ணாகவோ இருக்க வேண்டும், அவருக்கு முறையான உரிமச் சான்றிதழ்ப் பயிற்சியை அறக்கட்டளை தர வேண்டும். இரண்டாவது, பயிற்சி பெறுவோரில் பாதிப் பேர் பெண்பிள்ளைகள். மூன்றாவது, பள்ளி வளாகத்திலேயே சிறு ஆடுகளம். சரிவான மலையில் 105 மீட்டர் நீள மைதானத்தைத் தேட வேண்டியதில்லை, 40 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் கொண்ட சமதளம் ஐவர் ஆட்டத்துக்குப் போதும். பயிற்சி முடிந்ததும் அங்கேயே சத்தான சிற்றுண்டி; சாமையும் தினையும் கேழ்வரகும் விளையும் மலையில் அதற்குப் பஞ்சமில்லை. நான்காவது, ஆண்டுதோறும் கிராமசபையில் வரவுசெலவுக் கணக்கை வாசிக்க வேண்டும். அரசு தன் பங்குக்கு, பழங்குடியினர் நலத் துறையையும் விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தையும் ஒரே மேசையில் அமரவைத்து அனுமதிகளை விரைவுபடுத்த வேண்டும்.

இவற்றில் எதுவும் எட்டாத கனவு அல்ல. கிளாஸ்கோவின் பசித்த பிள்ளைகளுக்காக ஒரு துறவியால் 1887-ல் தொடங்க முடிந்ததை, கோடிகள் புழங்கும் இன்றைய கிளப்களால் தொடர முடியும். தொடக்க விழா மேடையை வைத்து இந்தப் பணியை நாம் எடைபோட மாட்டோம். ஐந்தாம் ஆண்டின் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை மாலையில், பள்ளி விட்ட பிறகு, அதே பயிற்சியாளர் அதே களத்தில் ஊதல் ஊதிக்கொண்டிருந்தால், அந்த அறக்கட்டளை காரவள்ளியைத் தாண்டி மலையேறிவிட்டது என்று ஒப்புக்கொள்வோம்.