மருந்துக் கடைக்குப் போகும் முன் ரோஜாவின் வேரைப் பாருங்கள்

புரட்டாசி பிறந்ததிலிருந்து என் கைபேசிக்கு வரும் படங்களில் பாதி ரோஜாச் செடிகள்தான். மஞ்சளாகிப்போன இலை, நுனியிலிருந்து கறுத்து இறங்கும் குச்சி, ஆளுயரம் வளர்ந்தும் மொட்டே வைக்காத கிளை. படங்கள்தான் வேறு வேறு, கேள்வி ஒன்றுதான்: "என்ன மருந்து அடிக்கணும் சார்?"

படத்தைப் பார்த்த மாத்திரத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக் கூடாது என்பதற்காகவே இந்த வாரம் எழுதுகிறேன். விரிவாக்கப் பணியில் இருக்கும் நண்பர்களுக்கும் சேர்த்துத்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தவன். ஒரு விவசாயி பையில் ஒரு கைப்பிடி மஞ்சள் இலையைக் கொண்டுவந்து காட்டினார். இரும்புச் சத்துக் குறைபாடு என்று சொல்லி, அன்னபேதி உப்பைக் கரைத்துத் தெளிக்கச் சொன்னேன். இரண்டு முறை தெளித்தார். ஒரு மாதம் கழித்துத் தோட்டத்துக்குப் போனபோதுதான் தெரிந்தது: செடிகளின் காலடியில் தண்ணீர் தேங்கி வேர் அழுகியிருந்தது. பாதிச் செடிகள் போய்விட்டன. அவர் என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

சென்ற ஆண்டு ஆடி மாதம் அரியலூர் மாவட்டம் வரதராஜன்பேட்டையில் ஒரு ரோஜாத் தோட்டத்தைப் பார்க்கப் போயிருந்தேன். தோட்டம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. வீட்டுக்கும் முந்திரித் தோப்புக்கும் நடுவே ஐந்து சென்ட், அதில் அறுபது செடிகள். அந்த அம்மா பூவை உதிரியாகப் பறித்து ஆண்டிமடத்தில் பூக்கட்டுபவரிடம் கொடுக்கிறார். விசேஷ நாட்களில் மாதா கோயில் மாலைக்கும் கொடுக்கிறார். மகள் கல்லூரிக்குப் போய்வரும் பேருந்துச் செலவு இந்தப் பூவில்தான் ஓடுகிறது என்றார். அறுபதில் இருபது செடிகள் பழைய எட்வர்டு ரோஜா. அவற்றுக்கு ஒரு குறையும் இல்லை. மீதி நாற்பதும் வேனில் வந்து விற்றவரிடம் வாங்கிய ஒட்டுச் செடிகள். மூன்று மாதம் பெரிய பெரிய பூவாகப் பூத்துவிட்டு அப்படியே நின்றுபோனவை. ஜன்னல் ஓரத்தில் நான்கு பாட்டில்கள் இருந்தன. இரண்டு பூச்சிக்கொல்லி, ஒன்று பூஞ்சாணக்கொல்லி, இன்னொன்று 'டானிக்'.

"பிடுங்கிப் போட்டுட்டு வேற வைக்கட்டுமா சார்?" என்று கேட்டார்.

களைக்கொட்டு வாங்கி மூன்று செடிகளைத் தோண்டினோம்.

முதல் செடியில், நாற்றுப் பண்ணையிலிருந்து வந்த களிமண் உருண்டை வந்த மாதிரியே இருந்தது. இந்த உருண்டையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வெகுதூரம் கொண்டுபோகும்போது வேர் காயாமலும் மண் உதிராமலும் இருக்க இப்படி அழுத்திக் கட்டி அனுப்புகிறார்கள். பயணத்துக்கு அது நல்லது, நடவுக்கு ஆகாது. காய்ந்தால் செங்கல் மாதிரி இறுகிவிடும். சுற்றியுள்ள செம்மண் நனைந்திருக்க, உருண்டைக்குள் வேர் தாகத்தில் கிடக்கும். நடும் முன் உருண்டையை ஒரு வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, வெளிப்பக்கக் களிமண்ணைப் பாதியளவு கையாலேயே கரைத்துவிட்டு நட வேண்டும். உதறிப் பிய்க்கக் கூடாது. மெல்லிய வேர்கள் அதோடு போய்விடும்.

இரண்டாவது செடி நேர் எதிர். ஒன்றரை அடிக் குழி எடுத்து, அதில் ஏரி வண்டலை நிரப்பி நட்டிருந்தார்கள். நல்ல மண்ணாயிற்றே என்று செய்ததுதான். ஆனால் ஆண்டிமடம் பக்கத்துச் செம்மண் தண்ணீரை வேகமாக விடும், வண்டல் பிடித்துவைக்கும். செம்மண்ணுக்கு நடுவே வண்டல் குழி இருந்தால் மழைக்காலத்தில் அது ஒரு வாளியாகிவிடும். அடியில் சரளை இறுக்கம் இருந்தால் சொல்லவே வேண்டாம். அந்தச் செடியின் வேரை எடுத்து மோந்து பார்க்கச் சொன்னேன். சாக்கடை வாடை அடித்தது. உயிருள்ள வேர் வெளிர்நிறமாக, ஒடித்தால் முறியும். அழுகிய வேர் கறுத்து, இழுத்தால் தோல் தனியாகக் கழன்று வரும். வேர் அழுகிய செடியும் வெயிலில் வாடத்தான் செய்யும். வாடுகிறதே என்று நாம் இன்னும் தண்ணீர் ஊற்றுவோம். வீட்டு ரோஜாக்களில் பெரும்பாலானவை சாவது இப்படித்தான்.

மூன்றாவது செடிதான் ஆளுயரம் வளர்ந்து பூக்காதது. மண்ணைச் சுரண்டியபோது ஒட்டுக் கட்டிய இடம் நான்கு விரற்கடை ஆழத்தில் புதைந்திருந்தது. அதற்கும் கீழேயிருந்து புறப்பட்ட துளிர்கள்தான் செடியாக நின்றன. மேலே ஒட்டிய சிவப்பு ரோஜா சுள்ளியாகக் காய்ந்து நடுவில் இருந்தது. வளர்ந்தது அவர் காசு கொடுத்து வாங்கிய ரகமே அல்ல, வேர்ச்செடி.

இதை அவருக்கு விளக்க எனக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அவர் முந்திரி விவசாயி. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது கடலூர் மாவட்டத்து முந்திரிக் காடுகள் சாய்ந்ததை இந்தப் பகுதி மறக்கவில்லை. ஒட்டுக்குக் கீழே வரும் துளிரை முளையிலேயே கிள்ள வேண்டும் என்று முந்திரி ஒட்டுக்கன்று நட்ட யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. "முந்திரிக்குச் செய்யறோமே, பூச்செடிக்கும் அதேதானா?" என்று கேட்டார். அதேதான். ரோஜாவும் மரம் போல் ஒட்டுக் கட்டிய பயிர் என்பது பூவின் அழகில் நமக்கு மறந்துபோகிறது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஐந்து இலை என்றால் நல்ல கிளை, ஏழு இலை என்றால் காட்டுக் கிளை என்று ஒரு வழக்கு இருக்கிறது. அதை நம்பி வெட்டாதீர்கள். நல்ல ஒட்டு ரகங்கள் பலவற்றிலும் ஒரு காம்பில் ஏழு சிற்றிலைகள் வரும். கிளை எங்கேயிருந்து புறப்படுகிறது என்று மண்ணை விலக்கிப் பாருங்கள். ஒட்டுக்கு மேலேயிருந்து வந்தால் அது உங்கள் செடி. கீழேயிருந்து வந்தால், கத்தரியால் வெட்டாமல் தண்டோடு சேர்த்துக் கீழ்நோக்கி இழுத்துப் பிய்த்துவிடுங்கள். வெட்டினால் அதே இடத்தில் இரண்டாக முளைக்கும்.

மஞ்சள் இலைக்கு வருவோம். இதே அரியலூர் மாவட்டத்தில் சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டும் பகுதிகளில் நிலைமை வேறு. அங்கே மண்ணில் சுண்ணாம்பு இருப்பதால், இரும்புச் சத்து இருந்தும் வேரால் எடுக்க முடிவதில்லை. இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். ஒரு தேக்கரண்டி காய்ந்த மண்ணில் வினிகர் சில சொட்டு விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு மண். அங்கே இரும்புச் சத்தை இலைவழி கொடுப்பது சரி. வரதராஜன்பேட்டைச் செம்மண்ணில் அடி இலை முதலில் மஞ்சளானால் பெரும்பாலும் தழைச்சத்து மழையில் கரைந்து இறங்கியிருக்கும். செடி முழுக்க வெளிறி வாடினால் முதலில் வேரைச் சந்தேகப்படுங்கள். உவர்ப்பான ஆழ்துளைக் கிணற்று நீரைப் பாய்ச்சுபவர்கள் மண்ணோடு நீரையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். சோழமாதேவி வேளாண் அறிவியல் மையத்தில் இதற்கு வழி கேட்கலாம்.

நோயும் பூச்சியும் இல்லவே இல்லை என்று சொல்லவில்லை. கரும்புள்ளி நோய், ஓரம் சிதறிய கறுப்பு வட்டமும் அதைச் சுற்றி மஞ்சளுமாக வந்து இலையை உதிர்க்கும். இலை பல மணி நேரம் ஈரமாக இருந்தால்தான் அது பிடிக்கும். ஆகவே மாலையில் செடியைக் குளிப்பாட்டுவதை நிறுத்திவிட்டு, காலையில் அடியில் மட்டும் தண்ணீர் விட்டு, உதிர்ந்த இலையைப் பொறுக்கி எரித்தாலே பாதி குறையும். மீறினால் கார்பென்டசிம் லிட்டருக்கு ஒரு கிராம், பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு முறை. தண்டில் வெள்ளைப் பொருக்காக ஒட்டியிருப்பது செதில் பூச்சி. மோசமான குச்சியை வெட்டி எரித்து, மற்றவற்றைப் பழைய துணியால் தேய்த்து எடுங்கள். கோடையில் இலையின் அடியில் நூலாம்படை தெரிந்தால் சிலந்திப்பேன். பூச்சிக்கொல்லியை மாற்றி மாற்றி அடித்தால் அதைத் தின்னும் நல்ல பூச்சிகள் செத்து அது பெருகும்.

அந்தத் தோட்டத்தில் அன்று செய்தது மிகக் குறைவு. எல்லா மருந்தையும் நிறுத்தினோம். ஒட்டுப் புதைந்த செடிகளைச் சுற்றி மண்ணை விலக்கி, ஒட்டு மண்ணுக்கு மேல் இரண்டு விரற்கடை தெரியும்படி செய்து, கீழ்த் துளிர்களைப் பிய்த்தோம். வண்டல் குழிச் செடிகளுக்கு வடிகால் கீறிவிட்டோம். ஆடிக் காற்றில் செடியைக் கிளப்பினால் தாங்காது என்பதால் இடமாற்றத்தைப் புரட்டாசிக் கடைசிக்குத் தள்ளிவைத்தோம்.

கவாத்தும் அப்போதுதான். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாவது வாரத்தில் தொடங்கும். அதற்கு முன் நல்ல வெயில் நாளாகப் பார்த்து வெட்டிவிட வேண்டும். மழையில் வெட்டிய வாய் வழியாகத்தான் நுனிக்கருகல் இறங்கும். கறுத்த குச்சியை, கறுப்பு முடியும் இடத்தில் வெட்டினால் போதாது. வெட்டிய வாயைப் பாருங்கள்: நடுவிலுள்ள சோறு பழுப்பாக இருந்தால் இன்னும் கீழே வெட்டுங்கள். வெள்ளையாகும் வரை இறங்கி, வெளிப்பக்கம் பார்த்த ஒரு மொட்டுக்குக் கால் அங்குலம் மேலே சாய்வாக நிறுத்துங்கள். வாயில் காப்பர் ஆக்ஸிகுளோரைடைக் குழைத்துத் தடவுங்கள். ஒவ்வொரு செடிக்கும் கத்தரியை ஸ்பிரிட்டில் துடையுங்கள். ஒட்டு வரைக்கும் இறங்கியும் சோறு பழுப்பாகவே இருந்தால் அந்தச் செடியை விட்டுவிடலாம். வேரிலோ ஒட்டின் அருகிலோ கழலை போல் கட்டி திரண்டிருந்தால் வேரோடு எடுத்து எரித்துவிட்டு, அந்தக் குழியில் மறுபடி ரோஜா வைக்காதீர்கள்.

வேர் கெட்ட செடிகளைப் பாதியாக வெட்டி, மாலை நேரத்தில் கிளப்பி, கறுத்த வேரை நீக்கி, அதே செம்மண்ணில் தொழு உரம் கலந்து ஓரடி உயர மேட்டுப்பாத்தியில் நட்டோம். இரண்டு வாரம் தென்னங்கீற்று நிழல். மேலே முந்திரிச் சருகு மூடாக்கு. தண்டைச் சுற்றி ஒரு சாண் விட்டுத்தான், இல்லையென்றால் கரையான் ஏறும். விரலை ஒரு கணு அளவு மண்ணில் விட்டு, ஈரம் படாதபோது மட்டும் தண்ணீர்.

உரம் எப்போது? புதுத் துளிர் நான்கு விரற்கடை வரும்வரை ஒன்றும் கூடாது. காய்ச்சலில் கிடப்பவருக்கு யாரும் பிரியாணி போடுவதில்லை. தேறிய பிறகு செடிக்குப் பத்து கிலோ தொழு உரமும், 6 கிராம் தழைச்சத்து, 12 கிராம் மணிச்சத்து, 12 கிராம் சாம்பல்சத்தும் போதும். அதாவது சுமார் 13 கிராம் யூரியா, 75 கிராம் சூப்பர் பாஸ்பேட், 20 கிராம் பொட்டாஷ். தண்டை ஒட்டிப் போடாமல் ஒரு சாண் தள்ளி மண்ணில் கலக்கவும். கவாத்துக்குப் பின் ஒரு முறை, ஜூலையில் ஒரு முறை.

அந்த அம்மாவுக்குக் கஷ்டமாக இருந்தது ஒன்றுதான்: முதல் ஆறேழு வாரம் வரும் மொட்டுகளை எல்லாம் கிள்ளச் சொன்னது. "பூவுக்குத்தானே சார் செடி?" என்றார். வேர் பிடிக்கும் முன் பூக்கவிட்டால் செடி தன் கையிருப்பை எல்லாம் அதில் செலவழித்துவிடும் என்றேன். அரை மனதோடு கிள்ளினார். நான்கைந்தை விட்டுவைத்ததும் எனக்குத் தெரியும்.

விற்பவர்களிடமும் ஒரு பங்கு இருக்கிறது. ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே பசுமைக்குடிலில் கொய்மலருக்காக வளர்க்கும் ரகங்களை, மே மாதம் 40 டிகிரி தாண்டும் நம் சமவெளியில் திறந்தவெளிக்கு விற்கிறார்கள். எந்த வேர்ச்செடி, எந்த ரகம் என்று ஒரு சீட்டுகூடக் கட்டுவதில்லை. முந்திரி ஒட்டுக்கன்று வாங்கும்போது ரகம் கேட்கும் விவசாயி, ரோஜா வாங்கும்போது நிறம் மட்டும் கேட்கிறார். உதிரிப் பூவுக்கு எட்வர்டும் ஆந்திரா சிவப்பும் இங்கே தாங்கும். சொந்த வேரில் குச்சியிலிருந்தே வளர்பவை என்பதால் கீழ்த் துளிர் தொல்லையும் கிடையாது.

விரிவாக்க நண்பர்களே, படம் வந்தால் மருந்தின் பெயரை அனுப்பாதீர்கள். மூன்று கேள்விகளைத் திருப்பி அனுப்புங்கள்: ஒட்டு மண்ணுக்கு மேலே தெரிகிறதா? நேற்று விட்ட தண்ணீர் காலையில் நிற்கிறதா? வேர் என்ன நிறம்? முடிந்தால் ஒரு களைக்கொட்டோடு நேரில் போங்கள்.

நாற்பது ஒட்டுச் செடிகளில் இருபத்தொன்பது பிழைத்தன. தை மாதத்தில் பூ வந்தது. பதினொன்றைப் பிடுங்கினோம், அந்த இடத்தில் தன் எட்வர்டு செடிகளிலேயே குச்சி வெட்டி அவர் நட்டிருக்கிறார். போன வாரம் அவர் அனுப்பிய படத்தில் அவை துளிர்த்திருந்தன. படத்தின் கீழே, "தண்ணி நிக்கல சார், வேர் வெள்ளையா இருக்கு" என்று எழுதியிருந்தார்.