குடும்பத் தலைவிக்குத் தையல் வகுப்பு போதுமா?

2013-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம், ரேஷன் கார்டில் வீட்டின் மூத்த பெண்ணையே குடும்பத் தலைவி என்று எழுதச் சொல்கிறது. கணவனை இழந்தவளும் கைவிடப்பட்டவளும் கார்டு இல்லாமலே தலைவிதான். தாராவியில் விடியுமுன் எழுந்து, விற்பனைக்கு இட்லி அவிக்கும் நம் பெண்களிலும் இத்தகையோர் உண்டு.

இவர்களுக்குப் பயிற்சி என்றால் சில மாதத் தையல் வகுப்பு, ஒரு சான்றிதழ், ஒரு புகைப்படம். (புகைப்படம் மட்டும் தவறுவதே இல்லை.) தொழில் தெரியாமலா அவர்கள் தவிக்கிறார்கள்? அரிசி, உளுந்து, கேஸ் என்று கணக்குப் பார்ப்பவள் தன் கூலியை அதில் சேர்ப்பதில்லை. முதலுக்கு வட்டிக்காரரிடம் போகிறாள். லாபமும் அங்கேயே போகிறது.

இதே மும்பையில், 1959-இல் கிர்காமில் ஏழு பெண்கள் 80 ரூபாய்க் கடனில் அப்பளம் இட்டார்கள், அதுவே லிஜ்ஜத். 1975-இல், மில் தொழிலாளருக்குச் சமைத்துப் போட்ட பெண்களைத் திரட்டி வங்கிக் கடன் வாங்க வைத்தார் பிரேமா புராவ். சதாரா மாவட்டம் மசுவடில் பெண்கள் வங்கி கேட்டபோது, கைநாட்டுகள் என்று ரிசர்வ் வங்கி மறுத்தது. எழுத்துக் கற்று மறுபடியும் போய், வட்டிக் கணக்கை வாயாலேயே போட்டுக் காட்டினார்கள். 1997-இல் மாண்தேசி வங்கி பிறந்தது. பின்னர் தொழிற்பள்ளியைப் பஸ்ஸில் ஏற்றி ஊர் ஊராக அனுப்பியதும் அவர்களே.

இங்குள்ள தமிழ்ச் சங்கங்கள் ஆண்டு விழாப் பந்தல் செலவில் ஒரு பங்கை ஒதுக்கினால், இந்தக் கணக்குப் பாடத்தைத் தமிழிலேயே நடத்தலாம். நேரம் மட்டும் பகல் இரண்டு மணிக்கு மேல் இருக்கட்டும். காலையில் வைத்தால் அன்றைய இட்லி வியாபாரம் போய்விடும்.