பாதியில் நின்ற ஓட்டம்



சென்ற மாதம் கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்குச் சென்றிருந்தோம். மாலையில் சாலையோரச் சமதரையொன்றில் மலைச் சிறுவர்கள் வெறுங்காலுடன் பந்தாடிக் கொண்டிருந்தனர். ஒருவன் மட்டும் போர்வையைப் போர்த்துக்கொண்டு கல்லின்மீது அமர்ந்திருந்தான். மார்புச் சளிக்கு மருந்து உண்பவனாம்; இவ்வாண்டு ஓடக்கூடாதென்று மருத்துவர் சொல்லிவிட்டாராம். அவன் முகவாட்டத்தைக் கண்டபோது நமக்குத் துளசிதாஸ் பலராம் நினைவு வந்தது. அவன் அருகே அமர்ந்து அவரது கதையைச் சொல்லலானோம்.

பலராம் 1936இல் செகந்தராபாத்தை அடுத்த அம்முகுடாவில் ஏழைத் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். காலணி வாங்க வசதியின்றி, காவலர் கழித்துப் போட்ட பூட்சுகளைக் கொண்டு தமக்கொரு சோடி தைத்துக்கொண்டாராம். ஐதராபாத்தின் பயிற்சியாளர் ரகீம் அவரைக் கண்டெடுத்தார். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காமிடம் பெற்ற இந்திய அணியில் பலராமும் ஒருவர். மறு ஆண்டே கல்கத்தாவின் கிழக்கு வங்காளக் கழகம் அவரை அழைத்துக்கொண்டது. அங்கே 1961இல் அணித்தலைவராக நின்று, லீக் போட்டிகளில் 23 கோல்கள் அடித்தார்.

1960 ரோம் ஒலிம்பிக்கில், அந்நாளில் உலகமே அஞ்சிய ஹங்கேரிக்கு எதிராக நம்மவர் 2-1 என்ற கணக்கில்தான் தோற்றனர். அந்த ஒரு கோல் பலராம் அடித்தது. பெருவுக்கு எதிராக விழுந்த கோலைப் பற்றி மட்டும் ஒரு வழக்கு உண்டு. சில பதிவுகள் அதைப் பலராமுக்கும், வேறு சில தஞ்சைத் தமிழர் சைமன் சுந்தரராஜுக்கும் எழுதுகின்றன. அதன்பின் இந்தியக் கால்பந்து அணி ஒலிம்பிக்கில் ஆடியதே இல்லையாதலால் இவ்வழக்கு சிறிதன்று. எப்படியாயினும் அது ஒரு தமிழ்க் கால் உதைத்த பந்துதான் என்று நாம் ஆறுதல் கொள்வோம்!

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தாய்லாந்துக்கு எதிராக ஒன்று, ஜப்பானுக்கு எதிராக ஒன்று என்று பலராம் கோல் அடித்தார். இஸ்ரேலும் தைவானும் விலக்கப்பட்டதை இந்திய அதிகாரி ஒருவர் கண்டித்திருந்தமையால், செப்டம்பர் 4ஆம் நாள் இறுதியாட்டத்தில் அரங்கமே நம்மவருக்கு எதிராகக் கூச்சலிட்டது. அந்த இரைச்சலுக்கிடையே தென்கொரியாவை 2-1 என்று வென்று தங்கம் கொணர்ந்தனர். அவ்வாண்டே அவருக்கு அர்ஜுனா விருது கிடைத்தது.

அடுத்த ஆண்டு எல்லாம் முடிந்தது. நுரையீரல் நோய் கண்டு, 27 வயது நிறையுமுன்னரே பலராம் ஆட்டத்தை விட்டார். அதே 1963 ஜூனில் ரகீமும் புற்றுநோயால் மறைந்தார். உடன் ஆடிய பி. கே. பானர்ஜிக்கும் சுனி கோஸ்வாமிக்கும் பின்னாளில் பத்மஸ்ரீ வந்தது, பலராமுக்கு வரவில்லை. மூவரையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகிய நாடு, விருதுப் பட்டியல் எழுதும்போது மட்டும் மூன்றாமவரை மறந்தது எங்ஙனம் என்பது நமக்கு இன்றும் விளங்கவில்லை. மணம் புரியாமல், கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் தனித்து வாழ்ந்த அவர் 2023 பிப்ரவரி 16ஆம் நாள், 86ஆம் வயதில் காலமானார்.

"அப்புறம் அவர் ஆடவே இல்லீங்களா ஐயா?" என்றான் சிறுவன்.

பொய் சொல்ல மனம் வரவில்லை. "இல்லை தம்பி. ஆனால் உன் வயதுப் பையன்களுக்குப் பயிற்சி கொடுத்தார்," என்றோம்.

சற்று நேரம் ஆட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து நின்று, "டேய், இடது பக்கம் காலியாக் கிடக்குது, அங்க தள்ளுடா!" என்று உரக்கக் கத்தினான். இருமல் வந்தது. போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, மீண்டும் கத்தினான்.