சுவர்களுக்குச் சலுகை

பழைய கட்டிடங்களைக் காப்பாற்ற அமெரிக்கா நல்ல உபாயம் கண்டிருப்பதாக நம் அறிவுஜீவிகளில் சிலருக்கு ஒரு நம்பிக்கை. புராதனக் கட்டிடத்தைப் புதுப்பித்தால், செலவில் 20 சதவிகிதத்தைக் கட்டவேண்டிய வரியிலேயே கழித்துக்கொள்ளலாம். 2017க்குப் பின் அதை ஐந்து வருஷத் தவணையாகத் தருகிறார்கள். வியக்கிறவர்கள் ஒருமுறை அந்த விண்ணப்பத்தைப் படித்துப் பார்க்கவேண்டும்.

விண்ணப்பம் மூன்று பாகம். கட்டிடத்துக்கு வரலாற்று முக்கியத்துவம் உண்டென்று முதலில் நிரூபணம். பிறகு செய்யப்போகும் வேலையின் விவரம். கடைசியில், சொன்னபடி முடிந்தது என்பதற்குச் சான்று கோரல். மாநில அலுவலகம் பார்த்து அனுப்ப, தேசியப் பூங்காத் துறை தீர்ப்பளிக்கிறது. அளவுகோல் பத்து விதிகள். அவற்றைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. ஊகத்தில் பழசை ஜோடிக்காதே. புதிதாகச் சேர்ப்பது புதிதென்று தெரியட்டும், ஆனால் பழையதோடு இசைந்து நிற்கட்டும் என்கின்றன. (மரபு, மரபு என்று உருகுகிற நம் கவிஞர்களில் எத்தனை பேர் இந்தப் பரீட்சையில் தேறுவார்கள்?)

கோளாறு, பணம் வரும் வழியில். கட்டிடம் வருமானம் ஈட்டுவதாக இருக்கவேண்டும். தாத்தா கட்டிய வீட்டில் தானே குடியிருப்பவனுக்கு இந்த மத்திய அரசுச் சலுகை கிடையாது. செலவும், பொதுவாக 24 மாதங்களுக்குள், கட்டிடத்தின் கணக்கு மதிப்பு, 5,000 டாலர் இரண்டில் எது அதிகமோ அதைத் தாண்டவேண்டும். வருஷாவருஷம் ஓடு மாற்றி, மரம் மாற்றிப் பேணுகிறவன் இந்தக் கணக்கில் வரமாட்டான். பாழாக விட்டுப் பிறகு மொத்தமாகக் கொட்டுகிறவன் வருவான். வரியே கட்டாதவன் என்ன செய்வான்? வரி கட்டுகிற ஒருவனைக் கூட்டாளியாகப் பிடிப்பான்.

அட்லாண்டிக் சிட்டியில் அதுதான் நடந்தது. 1929இல் திறந்த போர்டுவாக் ஹால் அழகிப் போட்டிகளுக்குப் பேர்பெற்றது; 33,000க்கு மேற்பட்ட குழல்கள் கொண்ட ராட்சஸ ஆர்கன் வாத்தியம் அதற்குள் இருக்கிறது. அதைப் புதுப்பித்த நியூ ஜெர்ஸி அரசு அமைப்பு வரி கட்டாத ஸ்தாபனம். ஆகவே தபால் முத்திரை இயந்திரக் கம்பெனியான பிட்னி போஸ் 99.9 சதவிகிதக் கூட்டாளியாக வந்து சேர்ந்தது. லாப நஷ்டத்தில் மெய்யான பங்கு இல்லாத இது கூட்டாளியே அல்ல என்று 2012இல் அப்பீல் கோர்ட் சொல்லிவிட்டது. 2014இல் வரித்துறை, கூட்டை எப்படி அமைத்தால் ஆட்சேபிக்கமாட்டோம் என்று வழிமுறை வெளியிட்டது. கலைந்த வேஷத்துக்குப் பதில் புது வேஷத்துக்கு அளவெடுத்துக் கொடுத்தார்கள்.

ஆர்கன்? மண்டபத்தைப் புதுப்பித்த வேலைகளில் சேதப்பட்டு ஊமையாயிற்று. பிறகு அதை மீட்கத் தனியாக ஒரு குழு, தனியாக நன்கொடை.

இல்லாவிட்டால் இடித்திருப்பார்களே என்பது வழக்கமான பதில். 1963இல் நியூயார்க்கின் பென் ஸ்டேஷனை இடிக்கத் தொடங்கியதை நினைவூட்டுவார்கள். வாஸ்தவம். 1976க்கு முன் வரிச் சட்டமே இடிப்பவன் பக்கம் இருந்தது. அதைத் திருப்பியது சாதனைதான். ஆனால் எவ்வளவு காலத்துக்கு? புதுப்பித்துப் பயன்பாட்டுக்கு வந்த ஐந்து வருஷத்துக்குள் விற்றாலோ சிதைத்தாலோ சலுகையைத் திருப்பிக் கட்டவேண்டும், வருஷத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு தள்ளுபடியோடு. ஆறாம் வருஷம் அந்தக் கட்டிடத்திடம் இந்தச் சட்டம் கேட்பதற்கு ஒன்றுமில்லை.