அப்பாயியும் ஆறு டெசிபலும்

பி.காம். படித்தவனுக்கு ‘மிக்ஸிங்’ என்றால் மிக்ஸிதான் ஞாபகம் வரும். தங்கைக்குக் குழந்தை பிறந்து, ‘‘அப்பாயி தாலாட்டை ரெக்கார்ட் பண்ணி அனுப்புண்ணே’’ என்று மஸ்கட்டிலிருந்து உத்தரவு வந்ததும், நானும் இசையமைப்பாளன் ஆனேன்! அப்பாயிக்கு வயசு 84. நாலு வரிக்கு ஒரு தரம் மூச்சு வாங்குகிறது. தள்ளிப்போடுகிற காரியமில்லை.

முதல் நாள் ஹாலில் உட்காரவைத்துப் பதிவு செய்தேன். போட்டுக் கேட்டால், கிணற்றுக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி இருந்தது. வெற்றுச் சுவரும் மொசைக் தரையும் குரலைத் திருப்பி அடிக்கின்றன. பக்கவாத்தியம்: சீலிங் ஃபேன், குக்கர், கீரைக்காரம்மா.

மறுநாள் படுக்கையறை. துணி பீரோ திறப்பு. அப்பாயியின் முதுகுக்குப் பின்னால் கொடியில் ஜமக்காளம். துணி எதிரொலியை விழுங்கிவிடும். மைக்கை ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். வாய்க்கு நேரே வைத்தால் ‘ப’ வருகிற இடமெல்லாம் பட்டாசு வெடிக்கும்!

ரெக்கார்டிங்கை ஆன் செய்து, ஃபேனை நிறுத்தினேன்.

‘‘ஏம்ப்பா, கரன்ட்டு போயிருச்சா?’’ என்றது அப்பாயி.

அடுத்து, லெவல். டிஜிட்டலில் பூஜ்யம் டெசிபல்தான் கூரை. அதற்கு மேல் ஓவர்டிராஃப்ட் கிடையாது, குரல் கிழியும். எவ்வளவு உச்சத்தில் பாடினாலும் மைனஸ் ஆறைத் தாண்டாதபடி ரிசர்வ் வைப்பது உத்தமம்.

மிக்ஸிங்குக்கு இலவசமாகக் கிடைக்கும் ‘ஆடாசிட்டி’ போதும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடலாம். பெண் குரலுக்கு அங்கே வேலை இல்லை. இருப்பது தெருவில் போகும் லாரியின் உறுமல்தான்.

ராத்திரி சத்தமாக வைத்து மிக்ஸ் செய்தேன். பிரமாதம்! காலையில் மெதுவாக வைத்துக் கேட்டால் சப்பென்று இருக்கிறது. சத்தம் கூடக் கூட, பேஸ் நம் காதுக்குத் தூக்கலாகக் கேட்கும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-லேயே அளந்து சொன்ன விஷயம். ஆகவே, மெதுவாக வைத்து மிக்ஸ் பண்ணுங்கள். மணிக்கொரு தரம் காதுக்கு ஓய்வு கொடுங்கள். செல்போன் ஸ்பீக்கரிலும் ஒருமுறை போட்டுப் பாருங்கள், கேட்கப்போகிறவர்கள் அதில்தான் கேட்பார்கள்.

நான் அத்தோடு விட்டேனா? இரைச்சல் நீக்கி, மூச்சு நீக்கி, ஸ்ருதி திருத்தி, கீ-போர்டு சேர்த்து, கோயில் மண்டபம் மாதிரி எதிரொலி வேறு கொடுத்தேன். பெருமையாக அப்பாயிக்குப் போட்டுக் காட்டினேன்.

கடைசி வரை கேட்டுவிட்டு, ‘‘நல்லாத்தான் பாடுது... யாரு இந்தப் பொண்ணு?’’ என்றது.

எனக்குப் பேச்சு வரவில்லை.

நல்லவேளை, ஒரிஜினலைத் தனியாகக் காப்பி எடுத்து வைத்திருந்தேன். (எல்லா டிப்ஸிலும் இதுதான் முதல் டிப்ஸ்!) 80 ஹெர்ட்ஸ் வெட்டைத் தவிர எதையும் சேர்க்காமல் அனுப்பினேன். மூச்சு வாங்கினது வாங்கினபடி.

ராத்திரி தங்கை போன் செய்தாள். குரல் கம்மியிருந்தது.

‘‘பாப்பா தூங்கிருச்சுண்ணே. நான்தான் தூங்கலை. ஆரம்பத்துல ‘கரன்ட்டு போயிருச்சா’ன்னு கேக்குது பாரு... அதை மட்டும் என்னிக்கும் வெட்டிராதே!’’