எந்த நாளின் விலை?

வரி என்றதும் "நூற்றுக்கு எத்தனை?" என்று கேட்கப் பழகிவிட்டோம். விகிதம் ஏறினால் வெகுண்டெழுகிறோம்; இறங்கினால் வெற்றி முழக்கமிடுகிறோம். எந்த நாளின் விலையை வைத்து வீட்டை மதிப்பிட்டீர் என்று கேட்பார்தான் இல்லை! சொத்துவரியின் சூட்சுமமோ அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

இங்கிலாந்தைப் பாருங்கள். 1990-இல் அங்கே தலைவரி வந்தது. சீமானுக்கும் அவர் வீட்டுச் சமையற்காரருக்கும் ஒரே வரி! இலண்டன் வீதிகளில் மக்கள் கொதித்தெழுந்தனர். ஆண்டு முடியுமுன் தாட்சர் அம்மையார் பதவி துறந்தார். 1993-இல் அதனிடத்தில் வீட்டுவரி வந்தது. வீடுகளை அவசரமாக மதிப்பிட்டாக வேண்டுமே! பலவற்றை உள்ளே நுழைந்தும் பாராமல், தெருவிலிருந்தபடியே கணித்தனர். 1991 ஏப்ரல் 1 அன்று என்ன விலை பெறும் என்பதே அளவுகோல். நாளும் பார்த்துத்தான் பொறுக்கினர் போலும்!

முப்பதாண்டுக்கு மேல் உருண்டோடியும் இங்கிலாந்தில் அதே நாள், அதே விலை. இன்று கட்டிய வீட்டுக்கும் 1991-இல் என்ன விலை இருந்திருக்கும் என்று அதிகாரி கணிக்கிறார். அஸ்திவாரமே தோண்டாத நாளில் அதற்கு விலையாம்!

எட்டு அடுக்குகளில் அடியிலுள்ளது 40,000 பவுண்டு வரை. உச்சியிலுள்ளது 3,20,000-க்கு மேல். விலை எட்டு மடங்கு. வரியோ மூன்றே மடங்கு. அதற்கப்பால் எத்தனை இலட்சம் ஏறினும் அடுக்கு ஏறாது. 2024-25-இல் வெஸ்ட்மின்ஸ்டரின் உச்ச அடுக்கு மாளிகைக்கு விதித்த வரியைவிட, வடகிழக்கே ஹார்ட்டில்பூலின் நடு அடுக்கு வீட்டுக்கு விதித்தது அதிகம். மன்றத்துக்கு மன்றம் விகிதம் வேறு என்பது மெய்தான். ஆயினும் இலண்டன் விலை வானளாவியதைப் பழைய ஏடு அறியவே இல்லையே!

ஏன் திருத்தவில்லை? வேல்ஸ் திருத்திற்று. 2003-ஆம் ஆண்டு விலையை ஏற்று 2005-இல் நடைமுறைப்படுத்திற்று. அடுக்கில் இறங்கிய வீடுகளைவிட ஏறிய வீடுகள் மிகப்பல. கூச்சல் கிளம்பிற்று; அதே ஆண்டில் இலண்டன் அரசு இங்கிலாந்தின் மறுமதிப்பீட்டைத் தள்ளிவைத்தது. தள்ளிவைத்தது தள்ளிவைத்ததுதான்! 20 இலட்சம் பவுண்டுக்கு மேற்பட்ட வீடுகளுக்கு 2028 முதல் மிகைவரி என்று 2025-இல் அறிவித்தனர். மற்ற வீடுகளுக்கு 1991-தான்.

சிரிக்க வேண்டாம், தோழர்களே! நம் சென்னையிலும் 1998-க்குப் பின் பொதுச் சீராய்வு நிலைபெற்றது 2022-இல்தான். பழைய நகரப் பகுதியில் 600 சதுர அடிக்கு உட்பட்ட குடியிருப்புக்கு 50 விழுக்காடும், 1,800-க்கு மேற்பட்டதற்கு 150 விழுக்காடும் உயர்வு. சிறியதற்குக் குறைவாக வைத்தது நன்றே. ஆனால் 24 ஆண்டுச் சுமையை ஒரே நாளில் இறக்கினால், அது வாடகைக்கு இருப்போர் தலையிலும் விழாதா?

2024-இல் வேறு வழி கண்டனர்: ஆண்டுக்கு 6 விழுக்காடு. அதிர்ச்சி குறையும், ஒப்புக்கொள்வோம். ஆனால் மெட்ரோ வந்து மனைவிலை பறக்கும் தெருவுக்கும் அதே ஆறு. மழை பெய்தால் முழங்காலளவு நீர் தேங்கும் தெருவுக்கும் அதே ஆறு!