எண்ணூர் லாரிக்கும் ரேஞ்ச் ரோவருக்கும் என்ன உறவு?

மாதவரம் ரவுண்டானா பக்கம் அடிக்கடி போகிறவர்களுக்கு இந்தக் காட்சி பழகியிருக்கும். எண்ணூர் ஃபேக்டரியிலிருந்து வெளியே வந்த புத்தம்புது லாரி சேசிஸ். கேபின் கிடையாது, பாடி கிடையாது. தற்காலிகமாக மாட்டிய ஒரு சீட்டில், தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு டிரைவர் உட்கார்ந்திருப்பார். மணலி சாலைத் தூசி மொத்தமும் அவர் முகத்தில்தான். என்றைக்காவது அதே சிக்னலில், கறுப்புக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஏசி குளிரில் ஒரு ரேஞ்ச் ரோவரும் வந்து நிற்கும். விலை இரண்டு கோடி ரூபாய்க்கு மேல்.

இந்த இரண்டு வண்டிகளும் ஒரு காலத்தில் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்.

கதை போர்க்களத்தில் ஆரம்பிக்கிறது. இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்க ராணுவம் கேட்டு வாங்கிய வண்டி ஜீப். வில்லிஸ், ஃபோர்டு இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து 1945-க்குள் 6 லட்சத்துக்கும் மேல் தயாரித்துத் தள்ளின. போர் முடிந்ததும் உலகம் முழுக்க உபரி ஜீப்புகள் மலிவாகக் கிடைத்தன. அப்படி ஒன்று இங்கிலாந்தின் ரோவர் கம்பெனியில் தலைமை இன்ஜினீயராக இருந்த மாரிஸ் வில்க்ஸ் கைக்கு வந்தது. வேல்ஸ் பகுதியில் உள்ள ஆங்கிள்சி தீவில் அவருக்குப் பண்ணை இருந்தது. சேறு, மேடு, கல் என்று எதிலும் அந்த ஜீப் போனது. ஆனால் பழசு. இது ஓய்ந்துபோனால் அடுத்து என்ன வாங்குவது?

நாமே ஒன்று செய்தால் என்ன என்று, 1947-இல் கடற்கரை மணலிலேயே அண்ணன் ஸ்பென்சருக்குப் படம் போட்டுக் காட்டினார் மாரிஸ். அண்ணன்தான் ரோவரின் நிர்வாக இயக்குநர். பிறகென்ன!

1948 ஏப்ரல் 30-ஆம் தேதி ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லேண்ட் ரோவர் வெளியானது. போருக்குப் பின் இங்கிலாந்தில் இரும்புத் தகட்டுக்கு ரேஷன். அதனால் பாடியை அலுமினியக் கலவையில் செய்தார்கள். பெயின்ட்டுக்கும் தட்டுப்பாடு, ராணுவத்தில் மிஞ்சிய பச்சையை அடித்தார்கள். எல்லாமே வேறு வழியில்லாமல் செய்தவை. பின்னாளில் அந்தப் பச்சையே அதன் அடையாளமாகிவிட்டது! இன்ஜினிலிருந்து பெல்ட் போட்டு அறுவை மெஷின், கதிரடிக்கும் மெஷின் ஓட்டலாம். மொத்தத்தில் அது விவசாயியின் வண்டி. ஆனால் மறு வருஷமே பிரிட்டிஷ் ராணுவம் ஆர்டர் கொடுத்தது. ராணுவ ஜீப்பைப் பார்த்துச் செய்த பண்ணை வண்டி, திரும்பவும் ராணுவத்துக்கே போனது.

இந்தியாவுக்கும் வந்தது. டார்ஜிலிங் பக்கம் மானேபஞ்சனில் தேயிலைத் தோட்டத் துரைமார்கள் விட்டுப்போன லேண்ட் ரோவர்களை, உள்ளூர்க்காரர்கள் சந்தக்பூ மலைக்கு டாக்ஸியாக அரை நூற்றாண்டுக்கும் மேல் ஓட்டினார்கள். பார்ட்ஸ் கிடைக்காவிட்டால் வேறு வண்டியின் இன்ஜினைத் தூக்கி வைத்தாவது ஓட்டுவார்கள். நம் ஊரில் கலெக்டர் வந்தாலும், போலீஸ் வந்தாலும், ஓட்டுக் கேட்க வேட்பாளர் வந்தாலும் ‘ஜீப்பு வருது’தான். அது மஹிந்திரா தனிக்கதை.

இப்போது எண்ணூருக்கு வரலாம்.

லேண்ட் ரோவர் பிறந்த அதே 1948-இல், செப்டம்பரில், ரகுநந்தன் சரண் என்ற தொழிலதிபர் மகன் அசோக்கின் பெயரில் ‘அசோக் மோட்டார்ஸ்’ கம்பெனியைத் தொடங்கினார். நவீனத் தொழிலில் இறங்கச் சொல்லி ஊக்கம் கொடுத்தவர் பிரதமர் நேரு. எண்ணூரில் முதலில் பூட்டியது லாரி இல்லை, ஆஸ்டின் ஏ40 கார். பிறகு இங்கிலாந்தின் லேலண்ட் கம்பெனி பங்குதாரராக வந்தது. 1955-இல் பெயர் அசோக் லேலண்ட் ஆனது.

அங்கே இங்கிலாந்தில் என்ன நடந்தது? 1967-இல் லேலண்ட், ரோவர் கம்பெனியை வாங்கியது. அடுத்த வருஷமே ஆஸ்டின் காரைச் செய்த கம்பெனியும் சேர்ந்து ‘பிரிட்டிஷ் லேலண்ட்’ என்ற ராட்சதக் கம்பெனி உருவானது. அதாவது எண்ணூரின் முதல் கார், எண்ணூரின் லாரி, லேண்ட் ரோவர் மூன்றுக்கும் ஒரே கூரை.

அந்தக் கூரைக்குக் கீழேதான் 1970-இல் ரேஞ்ச் ரோவர் வந்தது. வடிவமைப்பில் முதன்மையானவர் ஸ்பென் கிங்; வில்க்ஸ் சகோதரர்களின் மருமகன். காரின் சொகுசும் ஜீப்பின் தைரியமும் ஒரே வண்டியில் என்பது திட்டம். சொகுசு என்றால் இன்றைய சொகுசு இல்லை. இரண்டே கதவு, பிளாஸ்டிக் டேஷ்போர்டு, ரெக்சின் மாதிரி சீட்டு. சேறு படிந்தால் ஹோஸ் பைப்பால் உள்ளேயே தண்ணீர் அடித்துக் கழுவலாம்! 1972-இல் பிரிட்டிஷ் ராணுவக் குழு ஒன்று பனாமாவுக்கும் கொலம்பியாவுக்கும் நடுவே சாலையே இல்லாத டேரியன் காட்டை ரேஞ்ச் ரோவரில் கடந்து காட்டியது.

பணக்காரர்கள் கண்ணில் பட்டதும் கதை மாறியது. 1981-இல் நான்கு கதவு. அதே வருஷம் ‘வோக்’ ஃபேஷன் பத்திரிகையின் பெயரில் ஒரு ஸ்பெஷல் மாடல். தோல் சீட், மர வேலைப்பாடு, கார்ப்பெட் என்று ஒவ்வொன்றாக ஏறின. ஹோஸ் பைப் மறந்தே போனது.

இதில் சந்தோஷப்படாத ஒரே ஆள் ஸ்பென் கிங்தான். அந்தஸ்துக்காக அந்த வண்டியைச் செய்யவில்லை என்று 2004-இல் வெளிப்படையாகவே சொன்னார். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட இவ்வளவு பெரிய வண்டி எதற்கு என்பது அவர் கேள்வி. பெற்ற தகப்பனே இப்படிக் கேட்டும் விற்பனை ஏறத்தான் செய்தது. 2010 ஜூனில், ரேஞ்ச் ரோவர் தன் 40-ஆவது பிறந்தநாளைக் கொண்டாடிய அதே மாதம், சைக்கிளில் போன ஸ்பென் கிங் மீது ஒரு வேன் மோதியது. 85 வயதில் இறந்துபோனார்.

எண்ணூர் உறவு எப்போது முறிந்தது? நொடித்துப்போன பிரிட்டிஷ் லேலண்டை 1975-இல் அந்நாட்டு அரசே எடுத்துக்கொண்டது. பிறகு துண்டு துண்டாக விற்றார்கள். அசோக் லேலண்டில் இருந்த பிரிட்டிஷ் பங்கை 1987-இல் இந்துஜா குழுமமும் இத்தாலியின் இவெகோவும் சேர்ந்து வாங்கின. அந்தப் பங்கைக் கையில் வைத்திருந்த கம்பெனியின் பெயர் என்ன தெரியுமா? லேண்ட் ரோவர் லேலண்ட் இன்டர்நேஷனல் ஹோல்டிங்ஸ். உறவுக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்!

அதன்பின் அசோக் லேலண்டின் ஸ்டாலியன் லாரி இந்திய ராணுவத்தின் முதுகெலும்பானது. பனிமலைக்கும் பாலைவனத்துக்கும் அரிசி, தளவாடம், வீரர்கள் எல்லாம் அதில்தான் போயின. லேண்ட் ரோவரோ பிஎம்டபிள்யூ, ஃபோர்டு என்று கை மாறி, 2008-இல் ஜாகுவாருடன் சேர்ந்து 230 கோடி டாலருக்கு டாடா மோட்டார்ஸிடம் வந்தது. எண்ணூருக்கு ஒரு காலத்தில் முதலாளி வீட்டு வண்டியாக இருந்தது, இப்போது இந்திய முதலாளியின் வண்டி.

2024-இல் ரேஞ்ச் ரோவரைப் புனேயில் பூட்டுவதாக அறிவிப்பு வந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 28-ஆம் தேதி ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில், 9,000 கோடி ரூபாய் முதலீட்டில் டாடா மோட்டார்ஸ், ஜாகுவார் லேண்ட் ரோவர் கார் தொழிற்சாலைக்கு முதல்வர் மு.க.ஸ்டாலின் அடிக்கல் நாட்டினார். வருஷத்துக்கு இரண்டரை லட்சம் வண்டிகள், சுமார் 5,000 பேருக்கு வேலை என்பது திட்டம்.

எண்ணூரில் சேசிஸ் பூட்டிய அப்பாவின் பிள்ளை, ஐடிஐ முடித்துவிட்டுப் பனப்பாக்கத்துக்கு வேலைக்கு மனுப் போட்டால், அவனுக்கு அது ஒன்றும் அந்நிய வண்டி இல்லை. சித்தப்பா வீட்டு வண்டி மாதிரிதான்.